வெர்லீன் வாங்கிய அறுபத்திரண்டு கையெழுத்துகள்

வெர்லீன் ஸ்டேசியிடம் பொய் சொல்லிவிட்டுத் தப்பித்த பிள்ளை எங்கள் ஹார்ட்செல் ஓடை ஊரில் கிடையாது. வயிற்றுவலி என்று பள்ளி முன்னறைக்கு வந்து நிற்கும் பிள்ளையை மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பாள். "வலி எந்தப் பக்கம்? கணக்குப் பரீட்சைப் பக்கமா?" என்பாள். பிள்ளை சிரித்துவிடும், வகுப்புக்குத் திரும்பிவிடும். நிஜமாகவே பசியில் வயிறு வலிக்கிற பிள்ளை வந்தால் மட்டும் எதுவும் கேட்க மாட்டாள். கீழ் இழுப்பறையைத் திறந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக் கையில் வைத்து, மெதுவாகத் தின்று முடித்துவிட்டுப் போ என்பாள்.

முப்பத்தோரு வருடம் அந்த மேசைதான். தலைமை ஆசிரியர்கள் ஏழு பேர் வந்தார்கள், போனார்கள். பள்ளியை நடத்தியது அலுவலக எழுத்தர் வெர்லீன்தான் என்பது அந்த ஏழு பேருக்குமே தெரியும். எந்தப் பிள்ளைக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எந்த அப்பன் வந்து கேட்டால் பிள்ளையை அனுப்பக் கூடாது, எந்த வீட்டில் இந்த மாதம் மின்சாரம் கிடையாது, எல்லாம் அவள் தலைக்குள் இருந்தது. ஏட்டில் எழுதி வைத்தால் நாலு பேர் படிப்பார்கள் என்று எழுத மாட்டாள்.

நான் ஹோபர்ட். அந்தப் பள்ளியின் பஸ்ஸைப் பதினெட்டு வருடம் ஓட்டியவன். வெர்லீனும் நானும் அதே பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். மூன்றாம் வகுப்பில் அவள் என்னைப் பெருக்கல் வாய்ப்பாட்டில் தோற்கடித்தாள். அதை அறுபது வயதிலும் சொல்லிக் காட்டுவாள்.

கென்டக்கி மலைகளில் நிலக்கரிச் சுரங்கம் மூடிய ஓடை ஊர்களுக்கு மிஞ்சுவது இரண்டு கட்டடம்தான். ஒன்று சர்ச், ஒன்று பள்ளிக்கூடம். எங்கள் பள்ளியில் நான் சொல்கிற வருடத்தில் நூற்று மூன்று பிள்ளைகள். மாவட்டக் கல்வி வாரியத்துக்கு ஒரு விதி உண்டு. பிள்ளைகள் எழுபத்தைந்துக்குக் கீழே போனால் யாரையும் கூப்பிட்டுக் கேட்காமலே பள்ளியை மூடி, டவுன் பள்ளியோடு சேர்த்துவிடலாம். டவுன் பள்ளிக்கு மலை வளைவுகளில் பஸ்ஸில் ஒரு மணி இருபது நிமிடம். ஐந்து வயதுப் பிள்ளை இருட்டில் ஏறி இருட்டில் இறங்க வேண்டும். எங்கள் ஓடையில் தன் வயதை மறந்தவர்கள் இருப்பார்கள், எழுபத்தைந்து என்ற எண்ணை மறந்தவர்கள் இருக்க மாட்டார்கள். இதற்கு முன் இரண்டு தடவை மூடப் பார்த்தார்கள். இரண்டு தடவையும் ஓடையே திரண்டு போய்க் கத்திவிட்டு வந்தோம். இரண்டு தடவையும் முன் வரிசையில் வெர்லீன் நின்றாள்.

இந்த நிலைமையில்தான் கொரோனா வந்தது. மார்ச்சில் பள்ளியைப் பூட்டினார்கள். ஜூலை மாதம் ராய்ஸ் பிளெவின்ஸ் எங்கள் பள்ளிக்கு வந்தான்.

ராய்ஸ் யார் என்று சொல்லிவிடுகிறேன். மாவட்டத்தின் ஆறு பள்ளிகளுக்கும் மேலே உட்கார்ந்திருக்கும் கல்வி அதிகாரி. எங்கள் ஓடையில் பிறந்தவன், எங்கள் பள்ளியில் படித்தவன். பெரிய பதவிக்குப் போன முதல் ஓடைப் பிள்ளை என்று வெர்லீன் அவன் படத்தைச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டி வைத்திருந்தாள். வாராவாரம் துணியால் துடைப்பாள். எனக்கு இப்போது அந்தத் துணியை நினைத்தால்கூடப் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்றைக்கு என் வேலை நேரத் தாளில் கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். அதனால் நடந்ததை நேரில் பார்த்தேன். ஆகஸ்டில் பள்ளி திறக்கும், ஆனால் முடிந்தவரை பிள்ளைகள் வீட்டிலிருந்தே கணினியில் படிக்கட்டும், பெற்றோரையும் ஆசிரியர்களையும் அதற்குத் தயார் செய்ய வேண்டும் என்றான் ராய்ஸ். இரண்டு கட்டம் போட்ட ஒரு படிவத்தை மேசையில் வைத்தான். முதல் கட்டத்தில் குறி போட்டால் பிள்ளை பள்ளிக்கு வரும். இரண்டாவது கட்டத்தில் போட்டால் வீட்டிலிருந்து படிக்கும், கணினியும் வைஃபை பெட்டியும் இலவசம். சுரங்கத் தூசி தின்ற நுரையீரலோடு வீட்டுக்கு ஒருவர் படுத்திருக்கிற ஓடை இது, பிள்ளைகள் நோயைக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள் மிஸ் வெர்லீன் என்றான்.

யோசிக்க அவளுக்கு ஒன்றும் இல்லை. அவள் கணவன் ஆர்பின் அதே தூசியால் ஐம்பத்து நாலு வயதில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்தவன். படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று எட்டு மாதம் படுக்காமல் இருந்தான். அந்த எட்டு மாதமும் பக்கத்து நாற்காலியில் இவள் இருந்தாள்.

ஆனாலும் படிவத்தை முழுதாகப் படித்தாள். மூன்றாம் பத்தியில் விரலை வைத்தாள். இரண்டாவது கட்டத்தில் குறி போட்ட மாணவர் மாவட்ட இணையப் பள்ளியின் பதிவேட்டில் சேர்க்கப்படுவார் என்று அதில் இருந்தது.

"இது என்ன ராய்ஸ்? பிள்ளைங்க பேரு நம்ம பதிவேட்டுலேர்ந்து போயிடுமா?"

"அது கம்ப்யூட்டருக்காக வெச்ச பேரு மிஸ் வெர்லீன். எண்ணும்போது ஹார்ட்செல் கணக்குலதான் எண்ணுவோம்."

"எழுபத்தஞ்சு?"

"நூத்தி மூணு நூத்தி மூணாவே இருக்கும். நான் இங்க படிச்சவன், இதை மூட விடுவேனா?"

சொல்லிவிட்டுக் கையை நீட்டினான். முழங்கையை முழங்கையோடு இடித்துக்கொண்டு ஊரே வணக்கம் வைத்த காலம் அது. நாலு மாதமாக யாரும் யார் கையையும் தொடவில்லை. அவன் நீட்டினான், வெர்லீன் பிடித்துக் குலுக்கினாள். அதோடு பேச்சு முடிந்தது.

எழுதி வாங்கியிருக்கலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். எங்கள் ஓடையில் கை கொடுத்தவனிடம் எழுதிக் கொடு என்று கேட்டால் உன்னைத் திருடன் என்று நினைக்கிறேன் என்று அர்த்தம். மாடு விற்றாலும் நிலம் விற்றாலும் கைதான். அப்படிக் கேட்டதற்காக அண்ணன் தம்பி இருபது வருடம் பேசாமல் இருந்த வீடுகூட எங்கள் ஓடையில் உண்டு. வெர்லீன் எப்படிக் கேட்பாள்? அதுவும் ஓடையில் பிறந்த பையனிடம்? ராய்ஸுக்கும் இது தெரியும். தெரிந்துதான் கையை நீட்டினான்.

ஆகஸ்டில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தொடங்கியது. உடற்பயிற்சிக் கூடத்தில் ஆறடிக்கு ஒருவராக எட்டு ஆசிரியர்கள் முகக்கவசத்தோடு உட்கார்ந்தார்கள். மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த பெண் இரண்டு மணி நேரத்தில் ஐம்பது படம் காட்டிவிட்டு, ஏதாவது சந்தேகமா என்று கேட்டாள். சந்தேகம் கேட்கக்கூட ஏதாவது புரிந்திருக்க வேண்டும், அதனால் எல்லோரும் பேசாமல் இருந்தார்கள். அவள் காரில் ஏறிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பயிற்சி. வெர்லீன் ஒரு கணினியோடு நடைபாதையில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான்தான் உங்கள் வகுப்புப் பிள்ளை, பாடம் நடத்துங்கள் என்றாள். நாலாம் வகுப்பு ஆசிரியர் கிட்ரெல் இருபத்தேழு வருட அனுபவஸ்தர். அவர் பாடம் நடத்த, திரையில் மின்விசிறி மட்டும் தெரிந்தது. சரி செய்தார், இரண்டு மூக்குத் துவாரம் தெரிந்தது. வெர்லீன் அந்தப் பக்கம் பிள்ளைக் குரலில், "சார், பாத்ரூம் போகட்டுமா? சார், இவன் என்னைக் கிள்றான் சார்" என்று உயிரை வாங்கினாள். கிட்ரெல் வியர்த்துக் கொட்டி, கடைசியில் தானே சிரித்துவிட்டார். மூன்று நாள் இப்படி. நாலாம் நாள் எட்டுப் பேருக்கும் திரையில் முகம் தெரிந்தது, குரல் கேட்டது.

பெற்றோருக்கான பயிற்சி என் பஸ்ஸில் நடந்தது. மாவட்டம் இருபத்தெட்டுப் பக்கத்தில் ஒரு கையேடு அனுப்பியிருந்தது. இணையம் வேலை செய்யாவிட்டால் எங்கள் இணையதளத்தைப் பாருங்கள் என்று அதில் முதல் பக்கத்திலேயே இருந்தது. எழுதிய புண்ணியவானை ஒரு நாள் எங்கள் ஓடையில் கொண்டுவந்து விட வேண்டும். வெர்லீன் அந்தக் கட்டை ஓரமாக வைத்துவிட்டு, ஒரே தாளில் பெரிய எழுத்தில் தன் கையால் எழுதினாள். எந்தப் பொத்தானை அமுக்கினால் திறக்கும், எதை அமுக்கினால் உன் பேச்சு கேட்கும், எதை அமுக்கினால் நீ பிள்ளையைத் திட்டுவது வகுப்பு முழுக்கக் கேட்காமல் இருக்கும், இவ்வளவுதான். அந்தக் கடைசிப் பொத்தானைத்தான் தாய்மார்கள் எல்லோரும் முதலில் கற்றுக்கொண்டார்கள்.

மதிய உணவுக் கூடத்து ரொட்டித் தட்டுகளில் கணினிகளை அடுக்கி, பக்கத்தில் சாப்பாட்டுப் பொட்டலங்களை அடுக்கி, நானும் அவளும் வீடு வீடாகப் போனோம். சிக்னலே எட்டாத வீடுகளுக்காக என் பஸ்ஸின் கூரையில் ஒரு வைஃபை பெட்டியைப் பொருத்தினார்கள். காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அதைச் சர்ச் மைதானத்தில் நிறுத்துவேன். சுற்றிலும் கார்கள் வந்து நிற்கும், ஒவ்வொரு காருக்குள்ளும் பிள்ளைகள் படிக்கும். பசியெடுத்த கன்றுகள் மாட்டைச் சுற்றி நிற்கிற மாதிரி இருக்கும்.

படிவத்தைப் பார்த்ததும் எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான். டாம்சி என்ற பெண்ணின் வீட்டில் நடந்ததைச் சொன்னால் மற்ற வீடுகளையும் சொன்ன மாதிரி. மூன்று பிள்ளைகள், ஆக்சிஜன் குழாயோடு அப்பா, இரண்டு அறை டிரெய்லர் வீடு. பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு வாசற்படியில் நின்றாள்.

"மிஸ் வெர்லீன், இதுல கையெழுத்துப் போட்டா பள்ளிக்கூடத்துக்கு ஏதும் ஆயிடாதே?"

"ராய்ஸ் கை குடுத்திருக்கான்டி."

"ராய்ஸ் கெடக்கட்டும். நீங்க என்ன சொல்றீங்க?"

"ஒண்ணும் ஆகாது. நான் சொல்றேன்."

டாம்சி மூன்று தாளையும் என் பஸ் கதவில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். என்னோடு இருக்கும் என் மகள் நார்மாவும் அப்படித்தான் பேத்தி ரெனாவுக்குப் போட்டாள். என் நுரையீரலும் பெரிய யோக்கியமில்லை. இரண்டே வாரத்தில் அறுபத்திரண்டு படிவம். ஆறு பள்ளிகளில் எங்கள் பள்ளிதான் அதிகம் என்று ராய்ஸ் தொலைபேசியில் பாராட்டினான். அவள் சந்தோஷம் தாங்காமல் அன்றைக்கு எனக்கும் சேர்த்து ஆப்பிள் பை சுட்டுக்கொண்டு வந்தாள்.

செப்டம்பர் நன்றாகவே போனது. அந்த ஓடையில் அந்த மாதம் ஒரு கிழவர்கூடச் சாகவில்லை. அதில் பாதியாவது வெர்லீனால்தான் என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

அக்டோபர் ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை. எண்ணெய் மாற்ற டவுனில் இருக்கும் பஸ் ஷெட்டுக்குப் போனேன். ஷெட் மேலாளர் லைல் உள்ளே தொலைபேசியில் இருந்தான். அவன் மேசையில் ஒரு பெரிய வரைபடம் விரித்துக் கிடந்தது. அடுத்த வருடத்துப் பஸ் வழித்தடங்கள். நான் பதினெட்டு வருடம் ஓட்டிய வழி சிவப்புக் கோட்டில் இருந்தது. அது எங்கள் பள்ளியில் நிற்கவில்லை. பள்ளியைத் தாண்டி, மலையைத் தாண்டி, டவுன் பள்ளி வரைக்கும் போனது. ஓரத்தில் ஒரு மணி இருபது நிமிடம் என்று பென்சிலில் எழுதியிருந்தது. எங்கள் பள்ளி இருந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி.

லைல் வெளியே வந்தான். நான் பார்த்ததைப் பார்த்தான். அவசரப்படாமல் வரைபடத்தைச் சுருட்டினான்.

"உனக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் எத்தனை வருஷம் ஹோபி?"

"ரெண்டு."

"அப்ப நீ இதைப் பார்க்கலை."

அவன் மிரட்டவில்லை. பழகிய மனிதன், என் நல்லதுக்குச் சொல்கிற மாதிரித்தான் சொன்னான். எண்ணெய் மாற்றிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டேன். வரைபடம் ஆயிரம் போடுவார்கள், எல்லாமா நடக்கிறது? ராய்ஸுக்கே தெரியாமல் யாராவது போட்டிருக்கலாம். இந்த முழங்காலோடு அறுபது வயதில் வேறு எவன் வேலை கொடுப்பான்? இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக.

ஒரு விஷயம் எனக்கு நன்றாகத் தெரியும், அதனால் சொல்லிவிட வேண்டும். படிவத்தில் போட்ட குறியை மாற்ற அக்டோபர் பதினாறு வரை நேரம் இருந்தது. அன்றைக்குள் முப்பத்து நாலு பேர் முதல் கட்டத்துக்கு மாறியிருந்தால் எழுபத்தைந்து வந்திருக்கும். வெர்லீன் ஒரு வார்த்தை சொன்னால் ஓடை முழுதும் ஒரே மத்தியானத்தில் மாறியிருக்கும்.

எட்டாம் தேதி டாம்சியின் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோனோம். அவள் பஸ் படியில் ஏறி நின்றாள். அப்பாவைத் தங்கை வீட்டுக்கு அனுப்பியாயிற்று, பிள்ளைகள் வீட்டில் அடித்துக்கொண்டு சாகிறார்கள், பள்ளிதான் திறந்திருக்கிறதே, மாற்றிப் போட்டுவிடட்டுமா என்று கேட்டாள். பள்ளிக்கும் அதுதான் நல்லதோ என்று இழுத்தாள்.

"உன் சௌகரியத்துக்கு மாத்தறதுன்னா மாத்திக்கோ. பள்ளிக்கூடத்துக்காகன்னு மாத்த வேணாம்" என்றாள் வெர்லீன். "எண்ணிக்கை அப்படியேதான் இருக்கும். குளிர் முடியட்டும், உங்கப்பா திரும்பி வருவார்ல?"

டாம்சி சரி என்று தலையாட்டினாள். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தோளுக்கும் வெர்லீனின் தோளுக்கும் நடுவே ஓரடி இருந்திருக்கும். வாயைத் திறந்தேன். நேரமாகிறது, போகலாமா என்று கேட்டேன்.

பதினாறாம் தேதி வந்தது, போனது.

டிசம்பரில் கல்வி வாரியக் கூட்டம் கணினி வழியாக நடந்தது. மாலை ஐந்து மணி. அதில் வெர்லீனுக்குப் பாராட்டுச் சான்றிதழ் தரப் போகிறார்கள் என்று ராய்ஸின் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. குடும்பங்களும் பார்த்தால் நன்றாக இருக்கும் என்று அதிலேயே எழுதியிருந்தார்கள். பள்ளி மைதானத்தில் என் பஸ்ஸை நிறுத்தினேன். சுற்றிலும் நாற்பது கார்களுக்கு மேல் வந்துவிட்டன. பிள்ளைகள் அட்டையில் அவள் பேரை எழுதி ஜன்னலில் ஒட்டியிருந்தார்கள். அவள் சர்ச்சுக்குப் போடும் நீல உடையைப் போட்டுக்கொண்டு, தலை சீவி, என் பின் இருக்கையில் கணினியோடு உட்கார்ந்திருந்தாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை அவளுக்கு.

நாலாவது விஷயமாக ராய்ஸ் திரையில் வந்து சான்றிதழைத் தூக்கிக் காட்டினான். இந்த மாவட்டத்திலேயே ஹார்ட்செல் ஓடைதான் முன்மாதிரி, அறுபத்திரண்டு பிள்ளைகள், ஒவ்வொரு கையெழுத்தும் மிஸ் வெர்லீன் வீட்டுக்கு வீடு போய் வாங்கியது என்றான். நாற்பது கார்களும் ஹாரன் அடித்தன. மலை முழுக்க எதிரொலித்தது. வெர்லீன் அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

ஒன்பதாவது விஷயத்துக்குக் கட்டடங்களின் பயன்பாடு என்று மட்டும் தலைப்பு. ராய்ஸ் தாளைப் பார்த்துப் படித்தான். ஹார்ட்செல் ஓடைப் பள்ளியின் பதிவேட்டில் இப்போது நாற்பத்தொரு பேர். மற்ற அறுபத்திரண்டு பேர் தங்கள் கைப்பட எழுதிக் கொடுத்து மாவட்ட இணையப் பள்ளிக்குப் போய்விட்டார்கள். எழுபத்தைந்துக்குக் கீழே இருப்பதால் விதிப்படி ஜூன் மாதத்தோடு பள்ளி மூடப்படும். ஐந்து உறுப்பினர்கள் ஒவ்வொருவராக ஆம் என்றார்கள். எல்லாம் சேர்த்து நாலு நிமிடம் ஆகியிருக்கும்.

வெர்லீன் பேசும் பொத்தானை அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள். வீடு வீடாகப் போய் அந்தப் பொத்தானைக் காட்டிக் கொடுத்தவள் அவள். அது வேலை செய்யவில்லை. எங்கள் எல்லோருடைய குரலையும் அந்தப் பக்கத்திலிருந்தே பூட்டி வைத்திருந்தார்கள். "ராய்ஸ்" என்று திரையைப் பார்த்துச் சாதாரணமாகக் கூப்பிட்டாள், அவன் முன்னறையில் எதிரே நிற்கிற மாதிரி. அவன் பத்தாவது விஷயத்துக்குப் போய்விட்டான்.

வெளியே ஒரு ஹாரன்கூட இல்லை. ஒவ்வொரு காராக விளக்கைப் போட்டுக்கொண்டு கிளம்பியது. யாரும் பஸ்ஸை நோக்கி வரவில்லை, டாம்சியைத் தவிர. அவள் படியில் ஏறி நின்றாள், எட்டாம் தேதி நின்ற அதே படியில். கத்தவில்லை.

"ராய்ஸை நான் எப்பவும் நம்பலை மிஸ் வெர்லீன். உங்களைத்தான் நம்பினேன்" என்றாள். இறங்கிப் போய்விட்டாள்.

நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்களே, அது அன்றைக்குத்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது. அவன் கத்தியைத் தன் கையில் எடுக்கவே இல்லை. வெர்லீனின் கையில் கொடுத்து, எங்கள் கழுத்தைக் காட்டிவிட்டு, அதற்குச் சான்றிதழும் கொடுத்தான். மறுநாள் அவள் தொலைபேசியில் பிடித்துக் கேட்டபோது, நிலைமை மாறிவிட்டது மிஸ் வெர்லீன், ஜூலையில் எனக்கே தெரியாது என்றானாம். அவள் என்னிடம் சொன்னாள். ஒருவேளை நிஜமாகவே தெரியாதோ என்னவோ என்று அப்போதும் அவனுக்காகப் பேசினாள்.

ராய்ஸின் படத்தை அவள் கழற்றவில்லை. துடைப்பதை மட்டும் நிறுத்திவிட்டாள். வேறொரு வேலை செய்தாள். தன் காரை எடுத்துக்கொண்டு, கையெழுத்து வாங்கிய எல்லா வீட்டுக்கும் மறுபடி போனாள். பள்ளி விடுமுறை இரண்டு வாரமும் அதுதான். பனி கொட்டியது, போனாள். ஒவ்வொரு வாசலிலும் ஒரே பேச்சு. நான் உன்னிடம் சொன்னது பொய், எனக்குத் தெரியாமல் சொன்னேன், ஆனாலும் என் வாயிலிருந்துதான் வந்தது. மன்னிப்புக் கேட்க வந்தேன். அவ்வளவுதான், சாக்குப்போக்கு ஒன்றும் சேர்க்க மாட்டாளாம். சில வீட்டில் உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார்கள். சில வீட்டில் கதவைத் திறக்கவில்லை, திரைச்சீலை அசைவது மட்டும் தெரிந்தது. ஒரு வீட்டில், எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டார்களாம். அதற்கும் நின்று கேட்டுக்கொண்டுதான் வந்தாள்.

கடைசியாக என் வீட்டுக்கு வந்தாள். சனிக்கிழமை மத்தியானம். நார்மா வேலைக்குப் போயிருந்தாள், ரெனா உள்ளே படம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முற்றத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கையுறையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ரெனாவுக்காக நார்மாவிடம் சொன்னது பொய், எனக்குத் தெரியாமல் சொன்னேன் என்று ஆரம்பித்தாள். மற்ற வாசல்களில் சொன்ன அதே வார்த்தைகளை என்னிடமும் சொன்னாள். என்னால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

"நிறுத்து வெர்லீன்" என்றேன். "நான் அக்டோபர்ல வரைபடத்தைப் பார்த்தேன். ஷெட்டுல. நம்ம பள்ளிக்கூடத்தை அடிச்சிருந்தாங்க."

அவள் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"என்ன தேதி?"

"ஆறு."

அவள் உதடு அசைந்தது, ஆறிலிருந்து பதினாறு வரை எண்ணிப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். பிறகு அதற்கு நடுவில் எட்டாம் தேதி இருக்கிறது என்பது அவளுக்கு உறைத்தது. முகத்திலேயே தெரிந்தது.

"ராய்ஸ் டவுன்ல உக்காந்துகிட்டு ஏமாத்துனான்" என்றாள். "நீ என் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்த."

ஓய்வூதியம், முழங்கால், லைல் என்று ஏதோ உளறினேன். அவள் கேட்ட மாதிரி தெரியவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டாள். கார் வரைக்கும் போனவள் திரும்பி நின்றாள்.

"நான் போன வீட்டுக்கெல்லாம் நீயும் போய் இதைச் சொல்லுவியா ஹோபி?"

சொல்கிறேன் என்று வாயில் வந்தது. சொல்லவில்லை. அவள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுக் காரில் ஏறினாள்.

ஜூனில் பள்ளியைப் பூட்டினார்கள். வெர்லீன் ஒஹையோவில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போனாள், அங்கேயே தங்கிவிட்டாள். ராய்ஸ் வேறொரு மாவட்டத்துக்கு இன்னும் பெரிய பதவியில் போனான். நான் ஓய்வு பெறும் வரை அந்தச் சிவப்புக் கோட்டு வழியில் ஓட்டினேன், ஒரு மணி இருபது நிமிடம், ரெனாவும் டாம்சியின் பிள்ளைகளும் பின்னால் தூங்கி வழிய. என் ஓய்வூதியம் மாதம் முதல் தேதி தவறாமல் வருகிறது.

எங்கள் ஓடையில் இன்றைக்கும் பள்ளிக்கூடத்தை விற்றவள் வெர்லீன் என்றுதான் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் என்னை வைத்துக்கொண்டே சொல்வார்கள். நீதான் பாவம், தெரியாமல் அவளை வீடு வீடாக ஏற்றிக்கொண்டு போனாய் என்று என் தோளைத் தட்டுவார்கள். நான் ஒரு தடவைகூட மறுத்ததில்லை.